முளைக்காத மொச்சை

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். குழந்தை கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். பொருளைக் கையில் கொடுங்கள், ஒதுங்கி நில்லுங்கள், மற்றது தானாக வரும். வட்டார வள மையத்தின் தகரக் கூரைக்குக் கீழே ஆளுக்கொரு போண்டாவோடு உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டோம். சொன்னவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசினார். இடையில் எங்களை ஒரு கேள்விகூடக் கேட்க விடவில்லை. பக்கத்தில் இருந்த டீச்சர் என் காதில், "இவருக்கு யாராவது ஒரு பொருளைக் கையில குடுங்களேன்" என்றார். அன்று நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். வயிறு என்று சொன்னால், அப்போது எனக்கு ஏழாம் மாதம்.

அதற்கப்புறம் அதிக நாள் ஆகவில்லை. ஒருநாள் உள்ளே அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஊசி போட்டார்கள், வலி வந்தது, மறுபடியும் ஊசி போட்டார்கள். நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் என்று நர்ஸ் சொன்னார். "பாத்தா மறக்காது கண்ணு, வேண்டாம்" என்று தலைமாட்டில் நின்றிருந்த அத்தை, என் கணவரின் அம்மா, சொன்னார். சரி என்றேன். பால் வற்றுவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். வற்றியது.

என் கணவர் புது வேட்டி ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதாகப் பின்னால் காதில் விழுந்தது. எங்கே கொண்டுபோனார், எங்கே புதைத்தார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். இப்படிப் போன குழந்தையை வைத்த இடத்தைத் தாய்க்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவள் அங்கேயே போய்க் கிடப்பாள், அடுத்ததைப் பற்றி நினைக்க மாட்டாள் என்று ஒரு பயம். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். கேள்வி வாய்வரைக்கும் வரும், அப்புறம் அங்கேயே கிடக்கும். என் கணவரும் நானும் ஒரே தட்டில் வைத்த இரண்டு இட்லி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், பேசவில்லை.

விடுப்பு மிச்சமிருக்கும்போதே நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு மலையேறிவிட்டேன். அடிவாரத்து வீட்டில் இருந்தால் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "உடு கண்ணு, அடுத்தது வந்துரும்." பஸ் தவறிப்போனவளுக்குச் சொல்கிற ஆறுதல். அதற்கு மலைமேல் செம்மேட்டு வாடகை ரூமே மேல் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறுவேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். எழுபது வளைவிலும் எல்லாருக்கும் வாந்தி வரும், எனக்கு வரவில்லை. துக்கமா என்றால் துக்கம்கூட இல்லை. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாருடைய காலோ என்று இருக்குமே, அப்படி இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் திருப்புலி நாட்டில் இருக்கிறது. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. பெரிய பிள்ளைகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார், சின்னப் பிள்ளைகள் மூன்று வகுப்பும் ஒன்றாக என்னிடம். சுவரைச் சுற்றித் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குக் கறுப்புப் பலகை அடித்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பாகம். அங்கே அவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம், வரையலாம், நாம் அழிக்கக் கூடாது.

உண்மையைச் சொன்னால் அந்த மாதங்களில் இந்தக் கற்பிக்கும் முறை எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஒதுங்கி நில் என்றார்கள், நின்றேன். குறுக்கே பேசாதே என்றார்கள், பேசவில்லை. பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கூட்டிக் கழித்தார்கள், களிமண்ணில் எழுத்து செய்தார்கள், சண்டை போட்டார்கள், அவர்களே சமாதானம் ஆனார்கள். நான் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மிளகுக்கொடி ஏறின மரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பார்வையிட வந்த அதிகாரி, ஆசிரியர் குறுக்கீடு இல்லாமல் வகுப்பு அருமையாக நடக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். பிணத்தை உட்கார வைத்திருந்தாலும் அவர் பாராட்டியிருப்பார்.

விதை பாடம் வந்தது. ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு வைத்து முளைக்க விட வேண்டும் என்று பாட அட்டையில் போட்டிருந்தது. பஞ்சை எடுத்து வைத்தேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை.

"பஞ்சுல எதுக்குங்க டீச்சர்? எங்க ஊட்டுல மண்ணுலதானுங்க போடுவாங்க."

"எங்க ஊட்டுல வெதை இருக்குதுங்க. நாளைக்குக் கொண்டாரட்டுங்களா?"

கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் சட்டைப்பையிலும் பாவாடை மடிப்பிலுமாகச் சாமை, கேழ்வரகு, தட்டைப்பயறு, மொச்சை எல்லாம் வந்து சேர்ந்தது. ஒரு பையன் பலாக்கொட்டை கொண்டுவந்தான். இன்னொருவன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிச் செடியின் குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து நின்றான். அதெல்லாம் விதையில்லை என்று மற்றவர்கள் கத்தினார்கள். "இதைத்தான எங்கப்பா நடுவாரு, அப்ப இதுதான வெதை?" என்று அவன் கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. முறைப்படி சொல்லாமல் இருந்தேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எனக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை.

கொட்டாங்குச்சிகளில் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, முழங்கால் உயர மதில்மேல் வரிசையாக வைத்தார்கள். சட்டமும் அவர்களே போட்டார்கள். ஒருத்தர் கொட்டாங்குச்சியை இன்னொருத்தர் தொடக் கூடாது. காலையில் வந்ததும் அவரவர் கொட்டாங்குச்சியைப் பார்த்துவிட்டு, அவரவர் பலகையில் பார்த்ததை வரைய வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அதனால் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. மூச்சு விடாமல் வாயாடுவாள். அவள் போட்டது ஒரு மொச்சை. வெள்ளையில் கறுப்புப் புள்ளி விழுந்த விதை. விதைக்கென்று வீட்டில் கட்டி வைத்த மூட்டையில் கைவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கி எடுத்து வந்தாளாம். அதைப் போட்டு மூடினபோது, மேலே கையால் தட்டிக் கொடுத்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலில் தட்டைப்பயறு வந்தது. பிறகு மற்ற மொச்சைகள். மண்ணைப் பிளந்துகொண்டு, தலையை உள்ளேயே வைத்துக்கொண்டு, முதுகு மட்டும் வெளியே தெரிய வந்தன. "கூனு போட்டு வருதுங்க டீச்சர்!" என்று ஒருவன் கத்தினான். அடுத்த நாள் தலை வெளியே வந்தது, அதற்கடுத்து நிமிர்ந்தது. கூன் போட்டு வந்து நிமிர்வதை அவர்கள் ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒருநாள் காலை வழிபாடு முடிந்து எல்லாரும் முதுகை வளைத்துக்கொண்டு, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்தார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "என்னங்க டீச்சர், எல்லாருக்கும் வயித்து வலியா?" என்றார்.

அந்தப் பெண்ணின் கொட்டாங்குச்சியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. தினமும் பலகையில் ஒரு கொட்டாங்குச்சி வரைவாள், உள்ளே ஒரு விதை வரைவாள். முதல் நாள் விதைக்கு மூடின கண் போட்டாள். பிறகு ஒருநாள் அது திரும்பிப் படுத்தது. பிறகு ஒருநாள் அதற்கு அடியில் சின்னதாக ஒரு கோடு. "கால் வந்திருச்சுங்க டீச்சர். உள்ள." மற்ற பிள்ளைகள் தோண்டிப் பார்க்கச் சொன்னார்கள். "தூங்கறப்ப எழுப்புவாங்களா?" என்று அவர்களையே அதட்டினாள்.

இடையில் நல்ல மழை பிடித்தது. மற்ற செடிகளில் நான்கு இலை வந்துவிட்டது. பலாக்கொட்டைகூட வாயைத் திறந்துவிட்டது. அவள் தினமும் வந்து குந்தி உட்கார்ந்து, வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுப் போய் கால் வந்த விதையை வரைந்தாள். அந்தக் கொட்டாங்குச்சியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மதில் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு சமையற்கட்டு வழியாக வகுப்புக்கு வர ஆரம்பித்தேன்.

காலைச் சாப்பாடு சமைக்கிற அக்கா அதே ஊர்க்காரர். நல்ல மனுஷி. நான் லீவிலிருந்து திரும்பி வந்த அன்று என்னிடம் ஒன்றும் கேட்காமல், கிச்சடி அடியில் பிடித்ததைச் சுரண்டி எனக்கென்று எடுத்து வைத்தவர். ஒருநாள் காலை நான் சமையற்கட்டைத் தாண்டும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ளயப் பாக்கச் சகிக்கலீங்க. தெனமும் வந்து பாத்துட்டுப் போகுது. என்ற தோட்டத்துல மொச்சை மொளைச்சு கெடந்துச்சு. பழைய மண்ணக் கொட்டிட்டு, ஒண்ணப் பேத்தாந்து அதுல வெச்சுட்டனுங்க. சொல்லிராதீங்க."

நான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

"காட்டுல மொளைக்காத குழியில வேற ஒண்ணு நடறதுதானுங்களே. குழி வெறுசா கெடக்கலாமுங்களா?"

அதுவும் சரிதான். மலையில் எந்த விளைநிலத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். விதை வராத இடத்தில் நெருக்கமாக இருக்கிற இடத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கி நட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் எது விதைத்தது, எது நட்டது என்று நட்டவருக்கே தெரியாது. நல்லதுதான் அக்கா என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். நல்லதுதான் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். முதலில் பார்த்தவன் கத்தினான். எல்லாரும் மதிலுக்கு ஓடினார்கள். "வந்திருச்சு! உன்றது வந்திருச்சுடி!" என்று ஒரே ஆர்ப்பாட்டம். அவள் கடைசியாகத்தான் வந்தாள், பையை இறக்கக்கூட இல்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தாள். செடி நேராக நின்றது. இரண்டு இலை, பளபளவென்று. நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"இது என்றது இல்ல" என்றாள்.

"உன்றதுதான்டி. உன்ற கொட்டாங்குச்சிதான?"

"கூனு எங்க? நேத்தைக்கு ஒண்ணுமே இல்ல. கூனு போடாம எப்புடி நிமுந்து வரும்?"

கூன் போட்டு நடந்தவர்கள்தானே எல்லாரும். ஒருவன் குனிந்து செடியைப் பார்த்துவிட்டு, "ஆமாண்டா" என்றான். சமையற்கட்டு வாசலுக்கு அந்த அக்கா வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "வந்திருச்சு பாரு சாமி, எத்தனை அழகா இருக்குது" என்றார்.

"இது நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் அவள். "என்றது எங்கீங்க?"

"இது வேண்டாமா கண்ணு?"

"இதுவும் இருக்கட்டுமுங்க. என்றது எங்க?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை, அழவும் இல்லை. சிலேட்டுக்குச்சி எங்கே என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "டீச்சர், என்ற வெதைய எங்க வெச்சீங்க?"

இத்தனை மாதத்தில் என் உடம்பில் ஏதோ ஒன்று நடந்தது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். வலித்தது. மாரிலிருந்து முதுகுவரைக்கும் வலித்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை கேட்டுவிட்டது, இனி பதில் சொல்லியாக வேண்டும்.

"அக்கா, பழைய மண்ண எங்க கொட்டுனீங்க?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு, "கறிவேப்பிலைச் செடிக்கு அடியிலீங்க" என்றார்.

அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் எல்லாரும் குந்தினார்கள். யார் எந்தப் பக்கம் தேடுவது என்று குச்சியால் கோடு கிழித்துப் பிரித்துக்கொண்டார்கள். சிலர் விரலால் கிளறினார்கள், சிலர் ஸ்கேலால் சீவினார்கள். அந்த அக்கா ரவை சலிக்கிற சல்லடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தானும் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியர் ஜன்னலில் நின்று என்ன நடக்கிறது என்று கேட்டார். வகுப்பு நடக்கிறது சார் என்றேன். நானும் மண்ணில் கைவைத்துத் தேடினேன்.

ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் கண்டுபிடித்தான். ஊறிப்போய், பெருத்து, தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. இருந்தாலும் புள்ளி தெரிந்தது. அவள் அதை உள்ளங்கையில் வாங்கினாள். மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். "அழுவிப்போச்சு" என்றாள். நான் போதும் கண்ணு, போட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நகத்தால் அதைப் பிரித்துவிட்டாள்.

"டீச்சர், கால்!"

எல்லாரும் தலையை நீட்டினார்கள். இரண்டு பருப்புக்கும் நடுவில், வெள்ளையாக, நகக்கண் அளவுக்கு ஒரு முளை வளைந்து கிடந்தது. அதன் நுனியில் மடித்து வைத்த மாதிரி இரண்டு இலை. அந்தக் கால் அவள் பலகையில் வரைந்தபடியே இருந்தது.

"வந்துட்டுத்தானுங்க இருந்திருக்குது" என்றாள். "மழைல முடியல."

ஆமாம் கண்ணு, முடியல என்றேன். அதைச் சொல்லும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். பிள்ளைகள் முன்னால் ஒரு டீச்சர் அழலாமா என்றெல்லாம் தோன்றவில்லை. அந்த அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அவள் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்திலேயே விரலால் ஒரு குழி பறித்து, விதையின் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து மூடினாள். இனிமேல் முளைக்காதே, எதற்கு மறுபடியும் மண்ணில் வைக்கிறாய் என்று ஒருவன் கேட்டான். "தெரியும்டா. எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியோணுமல்ல" என்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மதில்மேல் இருந்த புதுச் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பலகைக்குப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த்தொட்டிப் படியில் மட்டும்தான். பிள்ளைகள் வரைந்துகொண்டிருக்கும்போது அங்கே போய் நின்று என் கணவரைக் கூப்பிட்டேன். கை மண்ணைக்கூடக் கழுவவில்லை. அவர் எடுத்தபோது பின்னால் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏம்புள்ள, இந்நேரத்துல? ஒடம்பு சரியில்லையா?"

"எங்க வெச்சீங்க?" என்றேன்.

எதை என்று அவர் கேட்கவில்லை. மோட்டார் சத்தம் நின்றது.

"கெணத்துக்கு மேக்கால" என்றார். "கடேசித் தென்னைக்கும் வேலிக்கும் நடுவுல. நாய் கெளறக் கூடாதுன்னு முள்ளு வெட்டிப் போட்டிருக்கறேன். தெனமும் போய்ப் பாத்துக்கறேன்." பிறகு, "நீயா கேக்கட்டும்னு இருந்தேன் புள்ள. கேக்காம எப்புடிச் சொல்லறது?" என்றார்.

மதில்மேல் கொட்டாங்குச்சிகள் வரிசையாக இருந்தன. கீழே ரோட்டில் கிழங்கு லாரி ஒன்று முனகிக்கொண்டு இறங்கியது.

"மொகம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்புடி இருந்துச்சு?"

"முடி நெறைய இருந்துச்சு கண்ணு" என்றார். "நெத்தியில வந்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் ஒதுக்கி உட்டேன்."

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் தொட்டிப் படியில் உட்கார்ந்தேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் சொல்லுங்க" என்றேன்.